முன்பு இங்கே எந்தக் காடு நின்றது?

ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் வழியாகக் குளுவாங் வரை காரில் போகிறவர் கண்ணுக்குப் பச்சைக்குப் பஞ்சமே இல்லை. வரிசை பிடித்த செம்பனை, ஆங்காங்கே மிஞ்சி நிற்கும் பால்மரம், ஊருக்குள் நுழைந்ததும் குடை விரித்த தூங்குமூஞ்சி மரம், கைவிடப்பட்ட மேடுகளில் அக்காசியா. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பால்மரம் அமேசான் காட்டு மரம், தூங்குமூஞ்சியும் அதே கண்டத்தைச் சேர்ந்தது. அக்காசியா ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்தது. இத்தனை பச்சையில் ஜொகூருக்கே உரியது மிகக் கொஞ்சம். மாநிலத்தின் சொந்த மரங்களைக் காண வேண்டுமானால் எண்டாவ் ரொம்பினுக்கோ, குனோங் லேடாங்குக்கோ, கோத்தா திங்கியின் பந்திக் காட்டுக்கோ போக வேண்டும். தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியில் வளரும் பிள்ளை மெராந்தி என்ற மரப் பெயரைக் கதவும் சன்னல் சட்டமும் விற்கிற கடையில்தான் முதலில் கேட்கிறது.

அந்த மரங்களை மறுபடியும் ஊருக்குள், சிறு சிறு துண்டுகளாக, குடியிருப்பவர்கள் கையாலேயே கொண்டுவர முடியும். உலகத்தின் பல நகரங்களில் அது நடக்கிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு போவதோடு அந்த வேலை முடிவதில்லை. அதற்கு முன்னால் சில கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் குனிந்து நிமிர வேண்டும். இரண்டையும் விரிவாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இன்று இந்த முறைக்கு வழங்கும் பெயர் மியாவாக்கி முறை. அக்கிரா மியாவாக்கி (1928–2021) ஜப்பானின் யொகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர். ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் துக்சென் என்ற அறிஞரிடம் பயின்றவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒரு கேள்வியை. மனிதன் இந்த நிலத்தில் கைவைப்பதை நிறுத்திவிட்டால், இந்த மண்ணிலும் இந்த மழையிலும் கடைசியில் எந்தக் காடு வந்து நிலைக்கும்? ஜப்பானுக்குத் திரும்பியவர் அதற்கான விடையை ஷிண்டோ ஆலயங்களைச் சுற்றி வெட்டாமல் விட்டிருந்த பழைய சோலைகளில் தேடினார். நம் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். சாமிக்குப் பயந்து விட்டு வைத்த இடம்தான் பிற்காலத்தில் தாவரவியலாருக்கு ஏடாகிறது.

1970களின் தொடக்கத்தில் நிப்பன் ஸ்டீல் நிறுவனத்தின் ஆலைகளைச் சுற்றி மியாவாக்கி இப்படிக் காடு நடத் தொடங்கினார். மண்ணை ஆழமாகப் பொலபொலப்பாக்குவது, அந்த வட்டாரத்துக்கே உரிய பல இன மரங்களைக் கலந்து ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் என நெருக்கமாக வைப்பது, மேலே வைக்கோல் பரப்புவது, இரண்டு மூன்று ஆண்டு களை எடுத்துவிட்டு விலகிக்கொள்வது. முறை என்று பார்த்தால் இவ்வளவுதான். 1991இல் அவர் மலேசியாவுக்கும் வந்தார். சரவாக்கின் பிந்துலுவில், அன்று பெர்தானியான் பல்கலைக்கழகம் என்று வழங்கிய நிறுவனத்தின் வளாகத்தில், மிட்சுபிஷி நிறுவனத்தின் பண உதவியோடு, உள்ளூர் மக்களும் மாணவர்களும் ஜப்பானியத் தன்னார்வலர்களும் சேர்ந்து வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களை நட்டார்கள். நம் நாட்டு மண்ணுக்கு இந்த முறை முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். பிறகு பெங்களூரில் டொயோட்டா ஆலையில் பொறியாளராக இருந்த சுபேந்து சர்மா இதைக் கற்றுக்கொண்டு இந்தியாவெங்கும் பரப்பினார். சென்னை மாநகராட்சி 2020இல் கோட்டூர்புரத்தில் இப்படி ஒரு காட்டை வளர்க்கத் தொடங்கியது.

பத்து மடங்கு வேகம், நூறு மடங்கு பல்லுயிர் என்று இந்த முறையோடு சேர்ந்தே சுற்றும் எண்களை நான் இங்கே எடுத்தாளப் போவதில்லை. எல்லா மண்ணுக்கும் எல்லா மழைக்கும் பொருந்தும்படி அவற்றை யாரும் அளந்து காட்டியதில்லை. அந்த எண்கள் இல்லாமலேயே இந்த வேலைக்குப் போதிய நியாயம் இருக்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1840களில், தெமெங்கோங் இப்ராஹிம் காலத்தில், ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் கங்சூ முறை ஜொகூரில் வேரூன்றியது. கேம்பியரும் மிளகும் அவர்கள் பயிர். கேம்பியர் இலையைக் கொப்பரையில் காய்ச்சியே சரக்கு எடுக்க வேண்டும், அதற்கு விறகு வேண்டும். ஓர் இடத்தில் மண்ணின் சத்தும் சுற்றியிருந்த விறகும் தீர்ந்ததும் அடுத்த இடத்துக்குப் போனார்கள். 1917இல் கங்சூ முறை ஒழிந்தபோது பால்மரக் காலம் சூடு பிடித்திருந்தது. அந்த நிலங்களில்தான் நம் தாத்தா பாட்டிமார் கன்று நட்டார்கள், களை எடுத்தார்கள், விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால் வெட்டப் போனார்கள். ஆரம்பகாலத் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதுதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம். அப்படிச் சுரண்டிய சரிவுகளில் பெய்த மழை மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோனது. அதைக் கண்ட பிறகுதான் மரங்களுக்கிடையே அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் வழக்கம் வந்தது. அடுத்து செம்பனை. அதற்கும் அடுத்து வீடமைப்பு. குன்றின் தலையைச் சீவி, பள்ளத்தை நிரப்பி, உருளை ஓட்டி இறுக்கி, அதன்மேல் தாமான் எழுந்தது.

ஆகவே இன்று தாமானில் 'திறந்த வெளி' என்று விடப்பட்டிருக்கும் புல்தரை எந்தக் காட்டின் மண்ணும் இல்லை. குன்றின் அடிவயிற்றிலிருந்து வந்த செந்நிறக் களிமண்ணும், கட்டட வேலையில் மிஞ்சிய கல்லும் சிமெண்டுக் கட்டியும் அங்கே கிடக்கும். முதல் வேலையாக முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பார்க்க வேண்டும். மண்வெட்டி விரற்கடை அளவு இறங்கியதும் 'டங்' என்று நின்றால் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். குழியின் சுவரைப் பாருங்கள். சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் காற்று போகிறது என்று பொருள். சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக, அழுகல் வாடையோடு இருந்தால் நீர் தேங்கி மண் மூச்சுத் திணறுகிறது. குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தால், வடிந்ததா தேங்கியதா என்பதிலிருந்து நட வேண்டிய மரங்களின் பட்டியலில் பாதி முடிவாகிவிடும்.

ஏனென்றால் ஜொகூரின் பழைய காடு ஒரே காடாக இருந்ததில்லை. மேட்டில் மெராந்தி, கெருயிங், கப்பூர் நின்ற தாழ்நிலக் காடு. தெப்ராவ், ஸ்கூடாய் போன்ற ஆறுகளின் பள்ளங்களில் ஆண்டில் பல மாதம் நீரில் நிற்கும் நன்னீர்ச் சதுப்புக் காடு. கழிமுகத்தில் அலையாத்திக் காடு. சதுப்புக் காட்டைப் பற்றி நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி ஈ. ஜே. ஹெச். கார்னர் என்ற தாவரவியலாளரின் உழைப்பு. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த அவர் 1930களில் கோத்தா திங்கிக்கு அப்பால் மாவாய், செடிலி ஆற்றுப் பக்கம் ஓயாமல் போய் வந்தார். அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. எட்டாத உயரத்தில் பூத்த கிளைகளைப் பறிக்க, தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கி மரத்தில் ஏற்றினார். தென் ஜொகூர், சிங்கப்பூர் சதுப்புக் காடுகள் பற்றிய அவருடைய நூல் 1978இல்தான் வெளிவந்தது. தாமானில் காடு நட நினைப்பவருக்கு அப்படிப்பட்ட பதிவுகளே வழிகாட்டி. சென்னையில் நட்டவர்களின் பட்டியலை இங்கே கொண்டுவந்து பயனில்லை. அங்கே நீண்ட வெயில் மாதங்களைத் தாங்கும் மரங்கள் வேண்டும், இங்கே மழை இல்லாத மாதமே கிடையாது.

நாட்டு மரம் என்பதும் போதாது. நம் நகராட்சிகள் சாலையோரத்தில் விரும்பி நடும் மெராவான் சிப்புட் ஜந்தான் மலேசிய மரம்தான். ஆனால் அதன் இயல்பான இடம் தீபகற்பத்தின் வடபகுதி ஆற்றங்கரைகள். ஜொகூர்க் காட்டைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி அதை நட்டால் சொன்னது பொய்யாகும்.

கப்பூர் மரத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஜொகூரின் கிழக்குப் பகுதிக் காடுகளில் கூட்டமாக வளரும் பெருமரம் அது. அறுபது மீட்டர் வரைகூட உயரும். அதன் தண்டின் வெடிப்புகளுக்குள் சில மரங்களில் மட்டும் வெள்ளைப் படிகமாகக் கற்பூரம் உறையும். சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் பேர் பெற்றது இந்தச் சரக்கால்தான். அங்கே, லோபு துவா என்னுமிடத்தில், ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஜொகூரில் இதைத் தேடிக் காட்டுக்குள் போனவர்கள் ஜக்குன் பழங்குடி மக்கள். எந்த மரத்தில் கற்பூரம் உண்டு என்று வெளியிலிருந்து தெரியாது. தேடும் நாள்களில் அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென்றே உள்ள தனி மொழியில் பேசுவார்கள், சில உணவுகளையும் தவிர்ப்பார்கள். 1890களில் லேக், கெல்சால் என்ற இருவர் எண்டாவ் ஆற்றுப் பயணத்தில் அந்தச் சொற்களைக் குறித்துக்கொண்டு 1894இல் வெளியிட்டார்கள். கற்பூரத்தின் வழியே தமிழரும் கப்பூர்க் காடும் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே இப்படித் தொடர்பில் இருந்தன. கோயில் வளாகத்தில் ஒரு துண்டுக் காடு வைக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு, நடுவில் வைக்கத் தக்க மரம் எதுவென்று நான் வேறு சொல்லத் தேவையில்லை. இடம் மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியிலும் கால்வாய்ச் சுவரை ஒட்டியும் கப்பூரை வைக்கக் கூடாது.

பெருமரங்களுக்குக் கீழே பூலாய். அது நம் ஏழிலைப்பாலைக்கு நெருங்கிய உறவு, குனோங் பூலாய் மலைக்கே பெயர் கொடுத்த மரம். பின்னர் தெம்புசு, சமையலுக்கு இலை பறிக்கும் சாலாம், பெத்தாய். கடலோரம் என்றால் புன்னையும் பூவரசும். நம் ஊர்க் கரைகளில் நிற்கும் அதே மரங்கள் இங்கும் இயல்பாகவே வளர்கின்றன. ஈரப் பள்ளத்தில் நிபோங் பனையும் கெலாமும். ஓரத்தில் ஊதாப் பூப் பூக்கும் செண்டுடுக் புதர், அகன்ற இலை மாகாங். இந்தக் கடைசி இரண்டையும் களை என்று பலர் பிடுங்கி எறிகிறார்கள். வெட்டவெளியில் முதலில் தலைகாட்டி, மற்றவற்றுக்கு நிழல் கொடுப்பவை அவைதான். மெராந்தி வகைகளின் கன்றுகள் இயற்கையில் பெருமரங்களின் நிழலில் காத்துக் கிடந்து பழகியவை. நடுவெயிலில் புல்தரையில் அநாதையாக வைத்தால் பல இனங்கள் இலை கருகி நின்றுவிடும். ஆகவே பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில், எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டுவிட வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம் என்பது என் கருத்து. மாகாங்கையும் வெயில் தாங்கும் மற்றவற்றையும் முதல் ஆண்டு வைத்து, நிழல் விழத் தொடங்கியதும் மற்றவற்றை இடையில் நடலாம்.

கன்றுக்கு எங்கே போவது? இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தடுக்கி விழுகின்றன. மெராந்தி, கெருயிங், கப்பூர் இனங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு வட்டாரமே சேர்ந்து பூத்துக் காய்க்கும். எல் நீனோ ஆண்டுகளில் அது நடப்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். கெருயிங் காய்க்கு இரண்டு நீண்ட இறக்கை, கப்பூருக்கு ஐந்து. சுழன்று சுழன்று இறங்கும் அந்த விதைகளை நெல்போலக் குதிரில் சேர்த்து வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும், ஈரத்தில் வைத்தால் முளைத்துவிடும். சில வாரம்தான் அவற்றின் ஆயுள். எனவே காட்டுத் தரையில் தானாக முளைத்த கன்றுகளை எடுத்து வளர்ப்பதே நாற்றங்கால்காரர்களின் வழி. மழை பெய்து மண் இளகிய காலையில், ஒரு சாண் உயரக் கன்றை வேர் அறாமல் மெல்ல உருவ வேண்டும். ஒவ்வோர் இலையிலும் பாதியைக் கத்தரித்துவிட வேண்டும், அப்போதுதான் நீர் இழப்பு குறையும். பைக்குள் நட்டு, பிளாஸ்டிக் கூடாரத்தில் நிழலிலும் ஈரத்திலும் சில வாரம் மூடி வைத்து, பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்க வேண்டும். பைமண்ணோடு ஒரு பிடி காட்டு மண்ணையும் சேர்ப்பார்கள். இந்த மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்தை உறிஞ்சித் தரும் பூஞ்சை அந்தப் பிடி மண்ணில் இருக்கிறது. தோட்டத்து நாற்றங்காலில் பால்மரக் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய கை இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறது. அந்தப் பெரியவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும்.

ஆனால் ஒதுக்கப்பட்ட வனங்களுக்குள் நுழைந்து கன்று எடுத்து வரலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி உரிமமின்றி வனப் பொருளை எடுப்பது குற்றம். வனத்துறையின் அனுமதியோடு எடுக்கலாம், அல்லது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த நாற்றங்காலில் வாங்கலாம். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

நடும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது பூப்பந்து ஆடுகளத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்துக்கு, முந்நூறு கன்று பிடிக்கும். ஐம்பது பேர் வந்தால் காலை உணவுக்குள் முடிந்துவிடும். சரிவாக இருந்தால் குறுக்கே வாய்க்கால் வெட்டி வரப்புக் கட்டாமல் நடக் கூடாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் பொலபொலப்பாக்கிய மண் ஒரே இரவில் கால்வாயில் கிடக்கும். சென்னையில் தண்ணீர் ஊற்றுவது பெரிய செலவு, இங்கே மண்ணைப் பிடித்து வைப்பது பெரிய வேலை. வைக்கோல் இங்கே எளிதில் கிடைக்காது. காய் உதிர்த்த செம்பனைக் குலை ஆலைகளில் மலையாகக் குவிந்திருக்கும், அதைப் பரப்பலாம். மெல்லிய அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். கனமாகக் குவித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு, அக்கம்பக்கத்துத் தென்னையின் குருத்தைத் தின்னும்.

உண்மையான வேலை அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. லாலாங் புல்லின் வேர் மண்ணுக்கடியில் ஊசிபோல் நீண்டு, அறுத்த இடத்திலெல்லாம் மீண்டும் முளைக்கும். மைக்கேனியா கொடி ஒரு மாதம் கவனிக்காவிட்டால் கன்றுகளை மூடிப் போர்த்திவிடும். இதை ஒப்பந்தக்காரரின் புல்வெட்டி இயந்திரத்திடம் விட்டால், கன்றையும் களையையும் ஒன்றாகச் சீவிவிட்டுப் போவார். கன்று எது, களை எது என்று தெரிந்த கண்ணோடு கையால் எடுக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வேண்டும், தூரத்திலிருந்து பேருந்தில் வரும் நன்கொடை நிறுவன ஊழியர்கள் போதாது. நகரத்துச் சிறுகாடு என்றாலே அது ஒரு தெருவின் காடு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மாதம் இரண்டு முறை கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டு உழைப்பு, ஒவ்வொரு முறையும் பத்துப் பேர், மூன்று ஆண்டு. இதற்கு ஆள் உண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு கன்றை எண்ணலாம்.

நட்டவற்றில் பல சாகும் என்பதையும் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். சதுர மீட்டருக்கு மூன்று கன்று வைப்பதே, வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒன்று நிற்கட்டும் என்பதற்காகத்தான். தன் பெயர்ப் பலகை மாட்டிய கன்று செத்ததைக் கண்டு அழும் பிள்ளைக்கு அது அநியாயமாகத் தோன்றும். ஆகவே தனிக் கன்றுக்குப் பெயர்ப் பலகை வேண்டாம்.

அக்கம்பக்கத்தாரின் அச்சங்களும் உண்மையானவை. புதர் என்றால் பாம்பு, கொசு என்பார்கள். டிங்கிக் காய்ச்சல் வராத தாமான் ஜொகூரில் அரிது, அந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. ஏடிஸ் கொசு மரத்தில் பிறப்பதில்லை, தேங்கிய நீரில் பிறக்கிறது. காட்டோரத்தில் எறியும் நுரைப்பெட்டி, ஐஸ் டீ குவளை, பழைய டயர் இவைதாம் அதன் தொட்டில். களை எடுக்கும் நாளிலேயே குப்பை பொறுக்குவதும் கட்டாயமாக வேண்டும். பாம்பு வரலாம். விளிம்பில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் நடப்பவர் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த துண்டு, காடாக நிற்குமா? இரண்டு சான்றுகள் அருகிலேயே இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு பக்கம் பேசுகின்றன. 1859இல் தொடங்கிய சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குள் வெட்டாமல் விட்ட பழங்காட்டுத் துண்டு ஒன்று சில ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. நூறாண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வு, அங்கே இருந்த இயல்பான தாவர இனங்களில் ஏறக்குறைய பாதி மறைந்துவிட்டதைக் காட்டியது. தனித்துப்போன சிறு துண்டில் ஓர் இனத்துக்கு நாலைந்து மரமே மிஞ்சும். மகரந்தம் சேர்க்கும் பூச்சியும் விதை சுமக்கும் பறவையும் குறைந்தால் அந்த இனம் சத்தமில்லாமல் போய்விடும். பத்து மீட்டர்ச் சதுரம் எண்டாவ் ரொம்பினுக்கு ஒருபோதும் ஈடாகாது. ஒரு பழங்காட்டை வெட்டிவிட்டு 'பதிலுக்குச் சிறுகாடு நடுகிறோம்' என்று யாராவது சொன்னால் ஏற்கவே கூடாது.

மற்றது கோலாலம்பூருக்கு அருகே கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையம். இன்று கப்பூர் மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் காட்சியைப் பார்க்கப் போகிறோமே, அந்த இடம் 1920களில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டமுமாக இருந்தது. ஃபாக்ஸ்வொர்தி என்ற வனவியலாளர் தலைமையில் மரம் மரமாக நட்டு வளர்த்த காடு அது. 2012இல் தேசியப் பாரம்பரியச் சின்னமானது, 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாழ்நிலத்தில் மழைக்காட்டு மரங்கள் மனிதக் கையால் எழும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே பரப்பு நூற்றுக்கணக்கான ஹெக்டேர், காலம் நூறு ஆண்டு, நாள் தவறாமல் கவனிக்க ஒரு நிறுவனம்.

தாமானுக்கு அந்த மூன்றுமில்லை. இருப்பது அருகருகே பல துண்டுகளை வைக்கும் வாய்ப்பு. கொண்டைக்குருவியும் பூங்கொத்தியும் பழந்தின்னி வௌவாலும் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு அத்திப் பழத்தையும் சாலாம் பழத்தையும் சுமந்து போகும். ஜொகூரில் 70 அளவில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டங்கள் அழிந்தபின் நகரத்துக்கு இடம் மாறியவை. பள்ளித் திடலின் ஒரு மூலை, அதற்கு அப்பால் கோயில் வளாகம், அதற்கு அப்பால் மாநகர் மன்றத்தின் கால்வாயோரப் புல்தரை என்று தொடுத்துப் பார்க்கலாம். பள்ளி நிலத்துக்குப் பள்ளி வாரியத்தின் சம்மதமும், திறந்த வெளிக்கு மாநகர் மன்றத்தின் எழுத்துவழி அனுமதியும் முதலில் வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நட்டால், அதிகாரி மாறியதும் இயந்திரம் வந்து நிற்கும்.

செண்டுடுக் விரைவிலேயே பூக்கும், சாலாம் சில ஆண்டில் பழுக்கும். மெராந்தியும் கப்பூரும் காய்க்கப் பல பத்தாண்டு ஆகும், அதுவரை அவற்றின் புதுக் கன்றுகளை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்குள் நட்டவர்கள் பாதிப் பேர் வேலை தேடிச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வீடு மாறியிருப்பார்கள். ஆகவே நடும் நாளிலேயே ஒரு தடித்த குறிப்பேடு வேண்டும். எந்த இனம், எந்தக் காட்டுக் கன்று, எந்தத் தேதியில், எந்த மூலையில் வைத்தது, எது எப்போது செத்தது. தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. ஒரு படி பள்ளியில், ஒரு படி மாநகர் மன்றத்தில், ஒன்று அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது இருக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து விதை பொறுக்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.